நடைபாதை: ஒரு சொல்லின் வரலாறு

நாம் நாள்தோறும் மிதித்துச் செல்லும் நடைபாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலத்தில் அதனைப் ‘பேவ்மெண்ட்’ என்பர். அது ‘பவிமெண்டும்’ என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. அதன் வேர்ச்சொல்லுக்கு அடித்தல், இடித்துக் கெட்டிப்படுத்துதல் என்பன பொருள். திமிசுக் கட்டையால் இடித்த தரையே ஆதியில் பேவ்மெண்ட் எனப்பட்டது.

நாமும் ‘கல் பாவுதல்’ என்கிறோம். ஒலி ஒத்திருத்தல் கண்டு, அச்சொல் தமிழினின்று சென்றதே என மகிழத் தோன்றும். ஆயின் ‘பாவு’ என்பது ‘பரவு’ என்பதன் இனம், பரப்புதலைக் குறிப்பது. அவர்தம் சொல்லோ அடித்தலைக் குறிப்பது. ஒலி ஒற்றுமை உறவாகாது.

லண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கு 1762ஆம் ஆண்டில் தெருத்தளச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்பின் வண்டிப் பாதையினின்று பிரித்து, நடப்போருக்கெனத் தட்டைக் கற்கள் பாவிய ஓரப்பாதைகள் பெருகின. இன்று பிரிட்டனில் பேவ்மெண்ட் என்றால் அவ்வோரப்பாதை. அமெரிக்காவிலோ சாலையின் கெட்டித் தளம்.

நம் நாட்டில் மும்பையிலும் கல்கத்தாவிலும் அது ‘ஃபுட்பாத்’. டில்லியில் ‘பட்ரி’, ரயில் தண்டவாளத்துக்கும் அங்கே அதுவே பெயர். சென்னையில் ‘பிளாட்பாரம்’. ரயில்வே ஊழியனாகிய எனக்கு இவ்விரு வழக்குகளும் வியப்பளிப்பன. ஊர்விட்டு ஊர் வருவோர் முதலில் மூட்டையை இறக்கிவைக்கும் இடங்கள் ரயிலடியும் தெருவோரமுந்தாமே!

அங்ஙனம் வந்தோருள் ஒருவர், சேலத்தினின்று 1961இல் பம்பாய் அடைந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. நடைபாதையில் அவர் குடும்பத்துடன் வாழ்ந்த குடிசை 1981 ஜூலையில் இடிக்கப்பட்டது. குடும்பமே சேலத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பப்பட்டது. மனைவி மக்களை ஊரில் விட்டு, பிழைப்பு நாடி அவர் மட்டும் மீண்டும் பம்பாய் நடைபாதைக்கே திரும்பினார். அவரும் மனுதாரராயிருந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். உயிர்வாழும் உரிமையுள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றனர். நடைபாதை நடப்போருக்கே உரியது, அதனை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமையில்லை என்றும் கூறினர். அகற்றுவதாயின் நியாயமான முறைப்படியே அகற்றவேண்டும் என்பது அவர்தம் முடிபு.

அடித்துக் கெட்டித்த தரை, நடப்போர் வழியாகி, வழியற்றோர் வீடும் ஆயிற்று. வேற்றூரில் வேலையும் கூரையும் பெற்று வாழும் நம் குடும்பங்கள், நடைபாதையைக் கடக்கும்போது அச்சேலத்துத் தொழிலாளியை நினைத்தல் வேண்டும். அவரும் நாம் வந்த வழியே வந்தவர்.