வடசென்னைப் பெட்ரோலிய வழங்கல் சங்கிலியின் தொடர் இடர்கள்

வடசென்னைப் பெட்ரோலிய வழங்கல் சங்கிலி என்பது சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, சேமிப்பு நிலையங்கள் ஆகியவற்றைக் குழாய்களாலும் சாலைகளாலும் இணைக்கும் அமைப்பு ஆகும். இதன் ஒரு கண்ணியில் தோன்றும் இடர் பிற கண்ணிகளுக்கும், சங்கிலிக்கு வெளியே வாழும் மக்களுக்கும் பரவக்கூடியது. எனவே இடர்கள் அவற்றின் தொடர்புகளோடு சேர்த்து மதிப்பிடப்படுதல் வேண்டும்.

அமைப்பு

இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965 இல் உருவானது. 1969 இல் ஆண்டுக்கு 25 இலட்சம் டன் கொள்ளளவுடன் மணலி ஆலை இயங்கத் தொடங்கியது. பின்னர் அது 1.05 கோடி டன்னாக உயர்ந்தது. நிறுவனம் 2000 இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்தின் பாரதி கப்பல்துறையில் இறக்கப்பட்டு, குழாய்வழியே மணலியை அடைகிறது.

நிகழ்வுகள்

* 2013: தண்டையார்ப்பேட்டையில் எண்ணெய்க் குழாய்க் கசிவால் நிலத்தடி நீர் மாசுபட்டது.
* 2017 சனவரி 28: எண்ணூர் அருகே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையொதுங்கிய எரிநெய், எர்ணாவூரில் வாளிகளால் அள்ளப்பட்டது. மீன் வாங்க மக்கள் அஞ்சியதால், எண்ணெய் படாத இடங்களின் மீனவர்களும் வருவாய் இழந்தனர்.
* 2023 திசம்பர்: மிக்சாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. படகுகளும் வலைகளும் பாழாயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து வழக்கை விசாரித்தது.

இடர் மதிப்பீடு

நிகழ்தகவையும் பாதிப்பின் அளவையும் பெருக்கிக் காணும் வழக்கமான முறை, ஒவ்வோர் இடரையும் தனித்துப் பார்க்கிறது. டெமாடெல் எனும் முறையிலோ, ஓர் இடர் மற்றொன்றை எவ்வளவு தூண்டுகிறது என்பதற்கு வல்லுநர்கள் பெரும்பாலும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவர். அவை ஓர் அணியில் எழுதப்பட்டு, மறைமுகத் தாக்கங்களும் சேர்த்துக் கணக்கிடப்படும். நிரைகளின் கூடுதல் ஓர் இடர் பிறவற்றின்மேல் செலுத்தும் தாக்கத்தையும், நிரல்களின் கூடுதல் அது பெறும் தாக்கத்தையும் காட்டும்.

2023 நிகழ்வில் வெள்ளம் காரண இடர். மீன்பிடித் தொழிலின் இழப்பு விளைவு இடர். கழிமுகத்தைத் தூய்மைப்படுத்துவது விளைவை மட்டுமே குறைக்கும். ஆலையின் மழைநீர் வடிகாலையும் எண்ணெய் பிரிக்கும் தொட்டிகளையும் வெள்ளத்திலிருந்து காப்பதே காரணத்தைத் தொடும். மீனவர்களின் வாழ்வாதாரம் அணியில் சேர்க்கப்படாவிடில், மிகுதியான தாக்கத்தைப் பெறும் கண்ணியே கணக்கில் வராமற்போகும்.