லாட்ஜ் செக்ரட்டரி கொடுத்த பட்டியல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் லாட்ஜ் என்றால் வேலைக்கு வந்தவர்கள் ரூம் போடும் இடம். சென்னை எழும்பூர் எதிராஜ் சாலையில், 1920களில் கட்டிய ஃப்ரீமேசன் ஹாலில் கூடும் 'லாட்ஜ்' வேறு. அது ஒரு சபை. உள்ளே என்ன நடக்கிறதோ என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு அந்தக் கதைகளைவிட, அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் செக்ரட்டரிதான் சுவாரசியமான ஆள்.

அவர் கழுத்துப் பட்டையில் தொங்கும் சின்னம் குறுக்காக வைத்த இரண்டு இறகுப் பேனா. கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவது, மினிட்ஸ் எழுதுவது, சந்தா பாக்கியைக் கேட்பது, வருஷா வருஷம் தலைமைச் சபைக்கு உறுப்பினர் பட்டியல் அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. போன கூட்டத்தின் மினிட்ஸை அடுத்த கூட்டத்தில் வாசித்து, சபை ஒப்புக்கொண்ட பிறகு தலைவர் கையெழுத்துப் போடுவார். யார், என்னைக்கு, எந்தப் படிக்கு ஏற்றப்பட்டார் என்பதை எழுதலாம். சடங்கில் சொன்ன ரகசிய வார்த்தையையும் கைச்சாடையையும் எழுதக்கூடாது. எதை எழுதாமல் விடணும்னு தெரிஞ்சவர்தான் நல்ல செக்ரட்டரி.

எழுதியதன் பலம் என்ன என்பதற்கு எழுத்தாளர் கிப்ளிங் கதை போதும். லாகூர் லாட்ஜில், 21 வயது ஆகும் முன்பே, சிறப்பு அனுமதி வாங்கி அவரைச் சேர்த்தார்கள். நல்ல செக்ரட்டரி கிடைப்பான் என்ற நப்பாசைதான் காரணம் என்று அவரே பின்னாளில் கிண்டலாக எழுதியிருக்கிறார். மூன்றாம் படிக்கு அவர் ஏறிய கூட்டத்தின் மினிட்ஸே அவர் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் வயசான காலத்தில் சுயசரிதை எழுதும்போது, தான் சேர்ந்தது 1885 என்று போட்டுவிட்டார். மினிட்ஸ் நோட்டில் இருப்பது 1886 ஏப்ரல் 5. நோபல் பரிசு வாங்கியவர் நினைவைவிட லாட்ஜ் நோட்டைத்தான் இன்று எல்லோரும் நம்புகிறார்கள்.

நம்ம ஊர்க் கதை இதற்கு நூறு வருஷம் முந்தையது. ஆர்க்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் மகன் உம்தத்துல் உமரா, 1770களின் நடுவில் திருச்சியில் ஃப்ரீமேசன் ஆனார். சேர்ந்த முதல் இந்தியர் என்று அவரைத்தான் சொல்வார்கள். தகவல் லண்டனுக்குப் போனது. அங்கிருந்து வாழ்த்துக் கடிதமும், அலங்கரித்த ஏப்ரனும், உயர்ந்த பைண்டிங்கில் சபையின் விதிப் புத்தகமும் வந்தன. 1780ல் அவருடைய பாரசீகப் பதில், சரிகைத் துணி உறைக்குள் லண்டன் போய்ச் சேர்ந்தது. இந்தச் சகோதர பாசம் அவருக்கு அரசியலில் உதவவில்லை. 1799ல் திப்பு வீழ்ந்ததும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிக்கிய காகிதங்களை வைத்து, அப்பாவும் மகனும் திப்புவோடு ரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகக் கம்பெனி குற்றம் சாட்டியது. உம்தத்துல் உமரா இறந்த 1801லேயே கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் அடங்கிய செங்கல்பட்டு ஜாகீரை அவர் அப்பா 1763லேயே கொடுத்தாகிவிட்டது.

அதே 1799 ஜூலையில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இரண்டு சட்டங்கள் போட்டது. பிரெஞ்சுப் புரட்சி பயம். ரகசியப் பிரமாணம் எடுக்கும் சங்கங்களை ஒரு சட்டம் தடை செய்தது. மேசன்களுக்கு மட்டும் விலக்கு. அதற்கு நிபந்தனை: எங்கே, எப்போது கூடுகிறார்கள், உறுப்பினர்கள் யார் யார் என்ற பட்டியலை ஒவ்வொரு லாட்ஜும் வருஷா வருஷம் மாவட்ட நீதி நிர்வாக அலுவலகத்தில் கொடுக்கணும். ஆக, ரகசிய சபை தப்பிப் பிழைத்ததே செக்ரட்டரியின் பேனாவால்தான். பிரிட்டனில் இந்தக் கடமை 1967 வரை தொடர்ந்தது. இரண்டாவது சட்டம் கூலி உயர்வுக்காகத் தொழிலாளிகள் ஒன்று சேர்வதைக் குற்றமாக்கியது. அவர்களுக்குப் பட்டியல் கொடுத்துத் தப்பிக்கும் வழி கிடையாது. பட்டியல் இருந்தால் அதுவே சாட்சி! பிரபுக்கள் உட்கார்ந்த சபைக்கு ஒரு நியாயம், நெசவாளிக்கு ஒரு நியாயம்.

இந்தியாவில் அந்த வழி திறக்க 1926 ஆனது. அதற்குக் காரணமும் சென்னைதான். 1918ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா மீது பின்னி ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டு, உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. அதன் பிறகு எழுந்த கோரிக்கையில்தான் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு கேட்பவர்கள் தங்கள் பெயர், தொழில், முகவரியைப் பதிவாளரிடம் எழுதிக் கொடுக்கணும். அப்புறம் வருஷா வருஷம் ரிட்டர்ன். லாட்ஜ் செக்ரட்டரி செய்த அதே வேலை.

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்தைப் பதிவு செய்வது. சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரலாமா என்று தகராறு. உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. மேசன்களுக்கு அரசு பட்டியல் கேட்டது. இங்கே இவர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிப் பதிவு பண்ணுங்கன்னு மாசக்கணக்கில் கேட்க வேண்டியிருந்தது.