நோயாளிகளுக்குப் போட்ட சாலை

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே நிற்கும் பிரனீஸ் மலையின் வடக்குச் சரிவில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பஞ்சமில்லை. லூஷோன், பரேஜ், ஓ-போன் எல்லாம் அந்த ஊற்றுகளை நம்பி வளர்ந்த ஊர்கள். மூட்டுவலி, ஆறாத புண், நெஞ்சுச்சளி என்று எதற்கும் அங்கே போய் மாதக்கணக்கில் குளிப்பார்கள். 1675இல் பதினான்காம் லூயி மன்னரின் மகனை, கால் ஊனமான சிறுவனை, பரேஜ் ஊற்றுக்குத் தூர்மாலே கணவாய் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், இந்தக் குளியல் ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கக் குதிரை வண்டிச் சாலை போட்டார்கள். நோயாளிகளுக்காகப் போட்ட அந்தச் சாலைதான் பிற்பாடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மிகக் கடுமையான பாதையானது.

பந்தயத்தை 1903இல் தொடங்கியது ஒரு பத்திரிகை. 'லோட்டோ' என்ற அந்த விளையாட்டு நாளேடு மஞ்சள் தாளில் அச்சாகி வந்தது. ஆசிரியர் ஹென்றி டெக்ராஞ்ச். போட்டிப் பத்திரிகையை வீழ்த்த வேண்டும், விற்பனை ஏற வேண்டும் என்பதுதான் நோக்கம். இரண்டும் நடந்தன. ஆனால் வாசகர்களுக்கு ஆண்டுதோறும் புதிதாக ஏதாவது வேண்டுமே? 1905இல் கிழக்குப் பிரான்சின் பாலோன் தல்சாஸ் மலையைச் சேர்த்தார்கள். அதன்மேல் போகும் சாலை 1,200 மீட்டரைக்கூட எட்டாது. அதற்கே டெக்ராஞ்ச் தயங்கினார்.

பிரனீஸ் யோசனையைச் சொன்னவர் அவரிடம் வேலை பார்த்த அல்ஃபோன்ஸ் ஸ்டெய்னெஸ். பாதை வகுப்பது அவர் பொறுப்பு. 1910 பந்தயத்துக்கு முன் தூர்மாலேயைப் பார்த்துவர அவர் போன கதை பத்திரிகை உலகில் பலமுறை சொல்லப்பட்டு மெருகேறிய கதை. பனியில் கார் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் இதற்குமேல் வரமாட்டேன் என்றார். ஸ்டெய்னெஸ் இருட்டில் நடந்தே கணவாயைத் தாண்டினார், வழிதவறி விழுந்தார், விடியுமுன் பரேஜ் ஊருக்கு அரைப்பிணமாக வந்து சேர்ந்தார். மறுநாள் ஆசிரியருக்குத் தந்தி அடித்தார்: தூர்மாலேயைக் கடந்துவிட்டேன், சாலை மிக நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம். விளையாட்டு வரலாற்றில் இவ்வளவு துணிச்சலான பொய் வேறு உண்டா என்பது சந்தேகமே. இன்னொரு கணவாயான ஓபிஸ்க்கில் சாலை என்று சொல்லும்படி எதுவுமில்லை. அதைச் செப்பனிடப் பத்திரிகையே பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

பாதை அறிவிப்பு வந்ததும் பெயர் கொடுத்திருந்த 136 பேரில் 26 பேர் விலகிக்கொண்டார்கள். மலையில் கரடி உண்டு என்ற பேச்சும் கிளம்பியிருந்தது.

1910 ஜூலை 21, அதிகாலை மூன்றரை மணி. பந்தயத்தின் அன்றைய கட்டம் லூஷோனிலிருந்து கடற்கரைப் பக்கத்து பயோன் வரை 326 கி.மீ. புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே பெய்ரசூர்த் ஏற்றம், பிறகு ஆஸ்பன், பிறகு 2,115 மீட்டர் உயரத் தூர்மாலே, அது இறங்கியதும் ஓபிஸ்க். அன்றைய பந்தய சைக்கிளின் பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். ஏற்றம் வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். அதற்கும் மசியாத ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். தூர்மாலேயின் உச்சியை முதலில் தொட்ட ஒக்தாவ் லாபீஸ் சில இடங்களில் நடந்துதான் ஏறினார். பின்னால் வந்த குஸ்தாவ் கரிகூ ஒருமுறைகூட இறங்காமல் மிதித்தே ஏறி, அதற்காகத் தனியாக 100 ஃபிராங்க் பரிசு பெற்றார்.

டெக்ராஞ்ச் அங்கே இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி நழுவிவிட்டு, பொறுப்பை விக்தோர் ப்ரேயர் என்பவரிடம் விட்டிருந்தார். ஓபிஸ்க் உச்சியில் ப்ரேயர் காத்துக்கொண்டிருக்கிறார். யாரையும் காணோம். ஒருவழியாக முதலில் வந்தவர் யாரும் எதிர்பார்க்காத உள்ளூர்க்காரர் ஃபிரான்சுவா லாஃபூர்காத். கேட்ட கேள்விக்குப் பதில்கூடச் சொல்லாமல் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து லாபீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் அதிகாரிகளைப் பார்த்துக் கத்திய 'கொலைகாரர்கள்' என்ற வார்த்தை பந்தய வரலாற்றில் நிலைத்துவிட்டது. அதற்கு மேலும் சுமார் 150 கி.மீ. பாக்கி. அதையும் ஓட்டி முடித்து, 14 மணி 10 நிமிடத்தில் அவரே முதலாவதாக வந்தார். அந்த ஆண்டுப் பட்டமும் அவருக்குத்தான். ஃபிரான்சுவா ஃபாபெரை வெறும் 4 புள்ளியில் முந்தினார். தளர்ந்து பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் 'துடைப்ப வண்டி' அறிமுகமானதும் அந்த ஆண்டில்தான். பாரிசில் புறப்பட்ட 110 பேரில் திரும்பி வந்தவர்கள் 41 பேர்.

பழியை முழுக்க மலைமேல் போட்டுவிட முடியாது. பாதி வேலையைச் செய்தது விதிப்புத்தகம். கியர் மாற்றும் கருவி அப்போதே இருந்தது; 1902இல் சுற்றுலா சைக்கிள்களுக்காக நடந்த ஒரு போட்டியில் கியர் வைத்த வண்டிகள் இதே தூர்மாலேயில் ஏறியிருக்கின்றன. கியர் கிழவர்களுக்கு என்பது டெக்ராஞ்சின் கட்சி. அவர் 1936இல் ஒதுங்கிய பிறகுதான், 1937இல், பந்தயத்தில் அதை அனுமதித்தார்கள்.

இன்னொரு விதி, யாரும் யாருக்கும் உதவக் கூடாது என்பது. 1913இல் அதே பாதையைத் தலைகீழாக, பயோனிலிருந்து லூஷோனுக்கு ஓட்டினார்கள். பட்டம் வெல்லும் நிலையில் இருந்த யூஜீன் கிறிஸ்தோஃபுக்குத் தூர்மாலே இறக்கத்தில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்கம்பி ஒடிந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து சாந்த்-மரி-த-காம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறைக்கு வந்தார். இரும்பைக் காய்ச்சி அடித்து இணைக்கும் வேலை முழுவதையும் அவர் கையாலேயே செய்ய வேண்டும். அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை ஒரு பையன் ஊதினான். அந்த உதவிக்காகத் தண்டனை நேரம் வேறு சேர்த்தார்கள்! பட்டம் போயே போய்விட்டது. பத்திரிகைக்கோ அதைவிட நல்ல கதை கிடைக்கவில்லை.

1926இல் அதே 326 கி.மீ. பாதையில் மழையும் சேறும் சேர்ந்துகொண்டன. வென்ற பெல்ஜியக்காரர் லூசியன் புய்ஸுக்கே 17 மணி 12 நிமிடம் பிடித்தது. மற்றவர்கள் பலரை இருட்டில் தேட வேண்டியிருந்தது. காலப்போக்கில் மலைக் கட்டங்களின் தூரம் குறைந்தது. இன்று அவை பெரும்பாலும் 200 கி.மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. கணவாய்கள் மாறவில்லை. இந்தப் பந்தயம் மிக அதிகமாக ஏறிய கணவாய் தூர்மாலேதான்.

லாபீஸ் 1917 ஜூலை 14 அன்று முதல் உலகப் போரில் விமானியாக வீழ்ந்தார், வயது 29. ஃபாபெர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே போர்முனையில் இறந்திருந்தார்.

தூர்மாலே ஏறிப் பார்க்க விரும்புகிறவர்கள் கோடையில் போக வேண்டும்; பனிக்காலத்தில் சாலை மூடியிருக்கும். சாந்த்-மரி-த-காம்பானிலிருந்து ஏற்றம் 17 கி.மீ. கிளம்புமுன் கிறிஸ்தோஃப் வேலை செய்த பட்டறையின் நினைவுப் பலகையைப் பார்த்துவிடலாம். கியர் வைத்த சைக்கிளையே கொண்டுபோங்கள். தடுக்க டெக்ராஞ்ச் இப்போது இல்லை.