உலைக்களத்தில் பிறந்த உருக்கு

திருவிழாக் காலத்தில் ஆலயத்திற்கு வரும் பக்தப் பெருமக்கள் முருகப் பெருமானின் திருக்கரத்து வேலையும், காவல் தெய்வமாகிய முனீஸ்வரரின் முன் நடப்பெற்ற அரிவாளையும் வணங்கிச் செல்கின்றனர். மஞ்சளும் குங்குமமும் சாத்தப்பெற்ற அந்த இரும்பு எந்த உலையில் காய்ந்தது, எவர் கைச் சம்மட்டியால் கூர் பெற்றது என்னும் கேள்வி பலருக்கு எழுவதில்லை. கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் என்னும் ஐந்தொழிலாருள் கொல்லரை முதலில் வைத்து எண்ணும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. ஏனைய நால்வரின் உளியையும் சுத்தியலையும் ஆக்கித் தருபவர் அவரே என்பதை எண்ணினால் அவ்வரிசை பொருத்தமானதே. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய செய்யுளொன்றும் தாய், தந்தை, வேந்தன் ஆகியோரின் கடமைகளோடு கொல்லனின் கடமையையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறது.

மலாக்கா மாநிலத் தமிழரின் வாழ்வும் ஒரு சிறு உருக்குக் கருவியின் கூரிலேயே தொடங்கியது எனலாம். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் அலோர் காஜா, சிம்பாங் அம்பாட் வட்டாரங்கள் உள்ளிட்ட பல இடங்களில் தோட்டங்கள் எழுந்தன. அங்கு வந்து சேர்ந்த தொழிலாளிக்கு வாளியும் மங்கும் எவ்வளவு தேவையோ அதனினும் மிகத் தேவையானது பால்வெட்டும் உளி. ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டை சீவப்பட வேண்டும். வெட்டு மேலோடிப் போனால் பால் குறையும். ஆழ்ந்து போனால் பட்டைக்கு உட்புறமுள்ள வளர்படலம் புண்பட்டு மரம் முண்டு கட்டிவிடும். விடியலில் தொடங்கிச் சில நூறு மரங்களை வெட்டி முடிக்கும் வரை உளியின் கூர் நிலைத்து நிற்க வேண்டும். கூர் மழுங்கினால் மரமும் கெடும், கூலியும் குறையும்.

அக்கூரை நிலைநிறுத்துவது கரியாகும். தூய இரும்பு மென்மையானது. அதில் நூற்றுக்குக் கால் பங்கு கரிகூட இல்லாதபோது அது தேனிரும்பாக வளைந்து கொடுக்கும். நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டிக் கரி ஏறினால் அது வார்ப்பிரும்பாகிச் சம்மட்டி அடியில் நொறுங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது எஃகு. தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். கரி சேரச் சேர அந்த அளவு இறங்கிக்கொண்டே வரும். பழந்தமிழ்க் கொல்லர் வெப்பமானி எதுவுமின்றி இவ்வுண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்து பயன்கொண்டனர்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில் உலைகளும் இரும்புக் கிட்டங்களும் வெளிப்பட்டன. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் காந்தக்கல் தாது பன்னெடுங்காலம் இரும்பு எடுக்கப் பயன்பட்டது. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் உருக்கு மூசைகளின் உடைந்த பகுதிகள் கண்டறியப்பட்டதை 1990களில் சாரதா சீனிவாசன் ஆய்ந்து வெளியிட்டார். தமிழக அரசு 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு செல்கிறது. அக்கணிப்பு குறித்து அறிஞரிடையே ஆய்வு தொடர்கிறது. ஆதலின் முடிந்த முடிபாகக் கொள்ளாது பொறுத்திருப்பதே முறை.

உருக்கு ஆக்கிய முறையை 19ஆம் நூற்றாண்டில் நேரில் கண்ட ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளனர். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி, களிமண்ணும் உமியும் கலந்து செய்த மூசையில் இடுவர். இரும்பின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிச் சேர்ப்பர். மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து வாயை மண்ணால் இறுக மூடுவர். இவ்வாறு அமைந்த இருபது இருபத்துநான்கு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, மரக்கரி கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தி கொண்டு இரண்டரை மணி நேரம் இடைவிடாது ஊதுவர். மூடிய மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாகி இரும்பினுள் ஏறும். கரி ஏறிய இரும்பு உருகி அடியில் தேங்கும். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் உருக்குக் கட்டி கிடைக்கும். கட்டியின் மேற்பரப்பு வழவழப்பாகவும், நடுவிலிருந்து விரியும் வரிகளோடும் இருந்தால் உருகல் செம்மையாயிற்று என்று கொள்வர். அதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு கரி இருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆவாரமும் எருக்கும் சடங்கிற்காகச் சேர்க்கப்பட்டவை என்று எண்ணியோர் உண்டு. அவை கணக்கிட்டுச் சேர்க்கப்பட்ட கரிச்சத்தே.

இவ்வுருக்கே மேனாட்டில் 'வூட்சு' என்று பெயர் பெற்றது. கன்னடத்து 'உக்கு', தமிழின் 'உருக்கு' என்னும் சொற்களோடு அது தொடர்புடையது. 1795இல் சார்சு பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் இது பற்றி ஆய்வுரை அளித்தார். பின்னர் மைக்கேல் பாரடே, கத்தித் தொழிலர் சேம்சு சுடோடார்ட்டுடன் இணைந்து இதன் இரகசியத்தைத் தேடி, 1820இல் எஃகுக் கலவைகள் பற்றிய சோதனைகளை வெளியிட்டார். மின்னியலின் தந்தை எனப் போற்றப்படும் பாரடே ஒரு கொல்லரின் மகன் என்பது இங்கு நினைக்கத் தக்கது. டமாசுகசு வாள்கள் யாவும் தமிழக உருக்கால் ஆனவை என்று மேடைகளில் முழங்குவது மட்டும் மிகையாகும். பாரசீக வணிகர் நாடிச் சென்ற பேருற்பத்தி, தெலுங்கு நாட்டுக் கோனசமுத்திரம் போன்ற ஊர்களிலும் நடைபெற்றது. தக்காணமும் தமிழகமும் பகிர்ந்துகொண்ட கலை அது.

அக்கலை ஏன் மறைந்தது? கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலராயிருந்த சோசையா மார்சல் ஹீத், சேலத்துத் தாதை நம்பி 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரும் இரும்பாலை நிறுவினார். மரக்கரிக்காகக் காடுகள் விரைந்து அழிந்தன. கரி கொண்டுவரும் தொலைவு நீண்டுகொண்டே போயிற்று. ஆலை நட்டத்திலிருந்து மீளவில்லை. ஹீத் 1839இல், எஃகில் மங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெப்பீல்டு உற்பத்தியாளர் அம்முறையைச் சற்றே மாற்றிக் கையாண்டு உரிமைத்தொகை தராது தவிர்த்தனர். நெடிய வழக்கு முடியுமுன் 1851இல் அவர் இறந்தார். 1856இல் பெசமர் முறை வந்து, டன் கணக்கில் மலிவான எஃகு கப்பலேறியது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டு விறகுக்கும் கரிக்கும் கட்டுப்பாடு விதித்தது. மூசை உருக்கு ஆக்கிய குடும்பங்கள் உலையை அவித்து, வந்திறங்கிய இரும்பில் கலப்பைக் கொழு அடிக்கலாயின. தந்தையின் கையிலிருந்து மகன் கைக்கே சென்ற தொழிலறிவு, ஏட்டில் ஏறாமையால் ஒரு தலைமுறை இடைவெளியில் அறுந்தது. இழப்பின் பெரும்பகுதி அந்நியராலே நேர்ந்ததாயினும், தொழில் மறையைக் குலத்திற்குள் பூட்டி வைத்த வழக்கிற்கும் அதில் பங்குண்டு.

மலாக்கா நகரில் 1781ஆம் ஆண்டு தொடங்கி விளங்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் தட்டார் தெருவாகிய ஜாலான் துக்காங் அமாசில் உள்ளது. அதை அடுத்திருப்பது ஜாலான் துக்காங் பெசி, அதாவது கொல்லர் தெரு. கெடாவின் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் நடத்திய அகழாய்வில் உலைகளும் ஏராளமான துருத்திக் குழல்களும் வெளிப்பட்டன. கடாரம் என்று தமிழர் அழைத்த அந்நிலமும் பண்டு இரும்பு உருக்கிய நிலமே.

மூசை உருக்கு மறைந்தாலும் தோய்ச்சல் மறையவில்லை. தேய்ந்த லாரி ஸ்பிரிங் பட்டையைப் பாராங் கத்தியாக்கும் பட்டறைகள் இந்நாட்டில் உள்ளன. அப்பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்கிற்குச் சற்று மேல் கரி உண்டு. பழைய அரத்தில் அதைப் போல் இரு மடங்கு. கத்தியை அடித்து முடித்த பின், காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பர். இத்தகைய பட்டையை நீரில் தோய்த்தால் வெடிப்பு விழக்கூடும். தோய்த்த கத்தி கண்ணாடி போல் கடினமாயினும் எளிதில் உடையும். எனவே ஒரு பக்கத்தை மெருகிட்டு மீண்டும் மெல்லச் சூடேற்றுவர். 230 பாகையளவில் வைக்கோல் நிறம் தோன்றும்; சவரக்கத்தி போன்ற நுண்கூருக்கு அது போதும். பழுப்பும் ஊதாவும் கடந்து 300 பாகையளவில் நீலம் படரும். அது ஸ்பிரிங்கிற்குரிய பதம். மரம் வெட்டும் பாராங்கிற்குக் கூரில் பழுப்பும் முதுகில் நீலமும் வந்து நிற்கும் கணத்தில் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்நிறங்கள் வெயிலில் சரியாகத் தெரியா. அதனாலேயே கொல்லுப்பட்டறை எப்போதும் அரையிருட்டாக இருக்கும்.