சியால்கோட் கால்பந்துத் தொழிலில் குழந்தை உழைப்பு

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலுள்ள சியால்கோட், கையால் தைத்த கால்பந்துகளுக்குப் பேர்போன நகரம். ஏற்றுமதிப் பொருளில் சிறுவர்களின் உழைப்பு கலந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு என்ற வாதத்தில் 1990-களிலிருந்து இவ்வூர் தவறாமல் இடம்பெறுகிறது.

வழக்கமான பந்தில் 32 துண்டுகள்: அறுகோணம் 20, ஐங்கோணம் 12. ஓரங்களில் துளையிட்டு ஆலையில் வெட்டிய இத்துண்டுகளை, மெழுகு பூசிய நூலும் காற்றுப்பையும் சேர்த்து இடைத்தரகர்கள் கிராமங்களுக்குக் கொண்டுபோவார்கள். தைப்பவர் முழங்கால்களுக்கு நடுவே மரக்கவ்வியில் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஊசிகளால் எதிரெதிராக நூலைக் கோத்து இழுத்து இறுக்குவார். கூலி பந்துக் கணக்கில்தான். தாய் தொடங்கிய பந்தை மகள் முடித்தாலும் கணக்கில் ஒரு பந்து, கேட்பாரில்லை. பிஞ்சு விரல்களுக்குத்தான் இந்த வேலை வரும் என்பது வெறும் சாக்கு. தையலை இறுக்க வலு வேண்டும்.

5 முதல் 14 வயது வரையுள்ள 7,000-க்கும் மேற்பட்ட சிறுவர்கள் பந்து தைப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் மதிப்பிட்டது. அதே ஆண்டு ‘லைஃப்’ இதழ் வெளியிட்ட கட்டுரையும் படங்களும் அமெரிக்காவில் பெரும் கண்டனத்தைக் கிளப்பின. 1997 பிப்ரவரியில் சியால்கோட் வணிகத் தொழில் சங்கம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் ஆகிய மூன்றும் அட்லாண்டா உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 14 வயதுக்குட்பட்டவர்களைப் பதினெட்டு மாதங்களில் படிப்படியாக விலக்குவது, தையலைப் பதிவு பெற்ற கூடங்களுக்கு மாற்றுவது, அவற்றைச் சோதனையிடுவது, விலகிய பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி செய்வது என்பது ஏற்பாடு.

‘படிப்படியாக’ என்ற நிபந்தனைக்குப் பின்னால் வங்கதேச அனுபவம் இருந்தது. சிறார் உழைப்பில் உருவான பொருள்களின் இறக்குமதியைத் தடுக்க அமெரிக்க மேலவை உறுப்பினர் டாம் ஹார்க்கின் கொண்டுவந்த மசோதாவுக்கு அஞ்சி, வங்கதேச ஆடை ஆலைகள் 1993-இல் சிறுவர்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றின. யுனிசெஃப் மதிப்பீட்டில் அவர்கள் சுமார் 50,000 பேர். பலர் கல் உடைப்பது போன்ற இன்னும் மோசமான வேலைகளுக்குப் போனார்கள். மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை.

சியால்கோட்டில் அப்படி நடக்கவில்லை. ஆனால் சுமை பெண்கள் தலையில் விழுந்தது. வீட்டை விட்டு வெளியே போய் வேலை செய்யும் வழக்கமில்லாத பெண்கள் கூடங்களுக்குப் போக முடியாமல் வருமானம் இழந்தார்கள். பெண்களுக்கென்று தனிக் கூடங்கள் வந்தும் அந்த இழப்பு முழுதாக ஈடாகவில்லை. உடன்படிக்கையின் பெரிய குறை, பந்துக்கான கூலியைப் பற்றி அது வாய் திறக்காததே. பெரியவர்களின் கூலி குடும்பத்துக்குப் போதாததால்தான் பிள்ளைகளின் கையில் ஊசி ஏறியது. கொள்முதல் விலையைத் தீர்மானிக்கும் விளையாட்டுப் பொருள் நிறுவனங்களோ கையெழுத்திட்டவர்களில் இல்லை.

2006-இல் வீடுகளில் திருட்டுத்தனமாகத் தையல் நடப்பதாகச் சொல்லி நைக்கி தன் முக்கிய வழங்குநரான சாகா ஸ்போர்ட்ஸைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு வேறோர் ஆலையுடன் செய்த ஒப்பந்தத்தில், தைப்பவர்கள் முழுநேர ஊழியர்களாக இருக்க வேண்டும், மணிக்கணக்கில் கூலி பெற வேண்டும் என்று விதித்தது. பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய நிபந்தனை இது. 2014 உலகக் கோப்பைக்குச் சியால்கோட் ஆலை ஒன்று செய்து கொடுத்த பந்துகளில் ஊசிக்கே வேலையில்லை; துண்டுகள் வெப்பத்தால் ஒட்டப்பட்டவை.