கனம் கிருஷ்ணையரும் அவர்தம் மாணாக்கரும்

திருமுறை கண்ட வரலாற்றில் ஏடு கிடைத்தமையைக் கொண்டாடுவோர் பலர்; பண் கிடைத்தமையை நினைவார் சிலரே. தில்லையில் மூவர் பாடல்களைப் பெற்ற பின்னரும் அவற்றைப் பாடுமுறை அறியாது அரசனும் நம்பியாண்டார் நம்பியும் திகைத்தனர் என்றும், திருவெருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த மாதொருத்தியிடத்தே அஃது எஞ்சியிருந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏட்டிலே சொல் தங்கும். இசையோ மிடற்றிலே தங்குவது. மிடறு மாய்ந்தால் அதனைக் கேட்டுக் கற்ற மற்றொரு மிடறு வேண்டும்.

அவ்வூருக்குத் தெற்கே, பெருந்தொலைவின்றி அமைந்தது உடையார்பாளையம். பயறணீசர் எழுந்தருளிய தலம் அது. அங்கிருந்த ஜமீன்தார்கள் கச்சி என்னும் சொல்லைத் தம் பெயரொடு பூண்டவர்கள். காஞ்சி வரதராஜர் உற்சவத் திருமேனி கலகக் காலத்தில் இவர்கள் எல்லையில் காக்கப்பெற்று 1710-ல் மீண்டதை அக்கோயிற் சாசனம் உரைக்கும். இன்று அப்பகுதி அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1995-ல் திருச்சிராப்பள்ளியினின்றும் பெரம்பலூர் பிரிந்தது. அதனினின்றும் 2001-ல் அரியலூர் பிரிந்து, மறுபடி கூடி, 2007-ல் மீளவும் தனி மாவட்டமாயிற்று. இவ்விரு மாவட்டங்களின் சிற்றூர்களிலேதான் இங்கே கூறப்புகும் வரலாற்றின் பெரும்பகுதி நிகழ்ந்தது.

பெரிய திருக்குன்றத்தில் 1790-ஐ ஒட்டிப் பிறந்தவர் கிருஷ்ணையர். சங்கீதப் பரம்பரையினர். பச்சிமிரியம் ஆதிப்பையரிடம் பயின்று தஞ்சைச் சமஸ்தானத்தை அடைந்தார். அந்நாளில் பொப்பிலி கேசவையர் என்னும் வித்துவான் அங்கு வந்து கன மார்க்கத்திற் பாடிக் காட்டினார். கனம், நயம், தேசிகம் என இசைமார்க்கம் மூன்று என்பர். அவற்றுள் கனம் நாபியினின்றும் எழுப்பப்படும் வன்மை மிக்க ஒலி; உடற்பயிற்சி செய்வார்போல மூச்சை அடக்கிப் பழகினாலன்றி வாயாது. ஏனையோர் அஞ்சி ஒதுங்க, கிருஷ்ணையர் ஒருவரே அதனைக் கற்கத் துணிந்து முடித்தார். ‘கனம்’ என்பது அவர் பெயரின் முன் நின்றமைக்குக் காரணம் இதுவே. பிற்காலத்தார் சிலர் அதனைப் பெருமைச் சொல் என்றே நினைத்துவிட்டனர்.

பின்னர்த் திருவிடைமருதூரில் வாழ்ந்த மராட்டிய அரச குடும்பத்தாரிடத்தும், அதன்பின் உடையார்பாளையம் கச்சிக் கல்யாண ரங்கரிடத்தும் இருந்தார். திருவையாற்றில் தியாகையரைக் கண்டு, அவர் அடாணா இராகத்திற் பாடக் கேட்டு, அவ்விராகத்திலேயே ‘சும்மா சும்மா’ எனத் தொடங்கும் பதத்தை இயற்றினார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. பைரவியில் அமைந்த ‘வேலவரே’ என்னும் பதம் இன்றும் வித்துவான்களாற் பாடப்பெறுகின்றது.

இவர் பதங்களுட் பல ஜமீன்தாரைத் தலைவராகக் கொண்ட அகப்பொருட் பாடல்கள். மானிடனைப் பாடிய வாய்க்கு இத்தகைய பத்திரிகையில் இடம் என்னை என வினவுவாரும் உளராவர். வினா நேரியதே. பாட்டுடைத் தலைவனை மறந்து பாட்டை மட்டும் புகழ்தல் சைவர்க்கு எளிதன்று. எனினும் பாணபத்திரன் வறுமைதீர ஆலவாயண்ணல் சேரமானுக்குத் திருமுகம் விடுத்தமையை நோக்குக. பாடுவோன் பிழைக்க ஓர் அரசன் கை வேண்டியிருந்தது. இறைவனே அதனை மறுத்திலன். இவர் முருகனைப் பாடியதும் ரங்கனைப் பாடியதும் ஒரே மிடற்றால். ஒன்றைக் காத்து மற்றொன்றைக் களைந்திருப்பின் இரண்டும் அழிந்திருக்கும்.

அவற்றைக் காத்தவர் வேங்கடசுப்பையர். உத்தமதானபுரத்தவர், கிருஷ்ணையருக்கு உறவினர். உடையார்பாளையத்தில் ஆசிரியருடனே தங்கிக் குருகுல முறையில் பணிசெய்து கற்றார். பின் அரியலூர் ஜமீனில் சங்கீத வித்துவானாக அமர்ந்தார். ஆசிரியர் 1854-ல் மறைந்தார் என்பர். 1855 பெப்ரவரியில் வேங்கடசுப்பையருக்கு மூத்த மகன் பிறந்தான். அவரே மகாமகோபாத்தியாய சாமிநாதையர். கனம் கிருஷ்ணையரைப் பற்றி இன்று உலகம் அறிவனவற்றுட் பெரும்பாலன அவரைக் கண்ணாற் காணாத இவரால் எழுதப்பெற்றவை.

அரியலூர் ஜமீன் தளர்ந்தது. ஆதரவு குன்றவே வேங்கடசுப்பையர் குடும்பத்துடன் பெயர்ந்தார். குன்னம், கார்குடி முதலிய ஊர்களில் அன்பர்கள் தாங்கினர். அருணாசலக் கவிராயர் கீர்த்தனைகளைக் கொண்டு இராமாயணப் பிரசங்கம் செய்து, கேட்போர் அளிப்பதைக்கொண்டு காலம் கழித்தார். அரண்மனையில் விளங்கிய கல்வி மழையை நம்பி வாழும் புன்செய் நிலத்து ஊர்களில், விநாயகர் கோயில் முன்றிலில், உழவர் நடுவே ஒலித்தது. அதனைத் தாழ்வென்று கருதுதல் தவறு. குன்னத்தார் தந்த நெல்லும் பணமும் இல்லையேல் அப்பதங்களின் இசை அன்றே அவிந்திருக்கும். மகனும் தமிழ் கற்றிரான்.

தந்தையார்க்கு ஓர் ஆசை இருந்தது. தம் ஆசிரியர் வழியை மகன் சங்கீதத்தால் வளர்க்க வேண்டும் என்பதே அது. தாமே பயிற்றினார். மகன் உள்ளமோ தமிழிற் சென்றது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் கற்றான். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தபோதும் தந்தையார் ஆசை விடவில்லை. அவ்வூரில் வாழ்ந்த, நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், கிருஷ்ணையரைத் திருவிடைமருதூரில் அறிந்தவர். அவரிடம் இசை பயிலுமாறு மகனை விடுத்தார். செய்தி பிள்ளையவர்கள் செவிக்கு எட்டியது. இசையிற் பழக்கம் மிக்கால் இலக்கண இலக்கியங்களிற் கருத்துச் செல்லாது என அவர் உரைக்க, மாணவர் அன்றே அப்பயிற்சியை நிறுத்தினார்.

அதனால் தமிழ் பெற்ற பேறு அளவிறந்தது. 1887-ல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பொன்றே சாலும். ஆயினும் வேங்கடசுப்பையர் பக்கம் நின்று பார்த்தல் வேண்டும். ஆசிரியர்க்குத் தாம் பட்ட கடனை மகன் வழியே தீர்க்க எண்ணியவர் அவர். ஒரு சொல்லில் அவ்வழி அடைபட்டது. மகன் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் விளங்குதலைக் கண்டு களித்து 1893-ல் மறைந்தார்.

நாற்பத்துமூன்று ஆண்டு கழிந்து, 1936-ல், தம் முதுமையில் ஐயரவர்கள் ‘கனம் கிருஷ்ணையர்’ என்னும் சரித்திரத்தை வெளியிட்டார்கள். பாரதியார் சரித்திரமும் மகா வைத்தியநாதையர் சரித்திரமும் அவ்வாண்டினவே. சங்க நூல்களின் ஏடுகளை ஊரூராய்த் தேடியவர், இதற்குத் தேடிய ஏடு தந்தையார் வாய்ச்சொல்லே. சிறுபருவத்தில் கேட்ட பாட்டும் கதையும் அறுபது, எழுபது ஆண்டுகள் அவர் நெஞ்சிற் கிடந்தன. 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் சரித்திர’த்திலும் உடையார்பாளையமும் அரியலூரும் குன்னமும் விரிவாக வந்தன. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தமையின் அது முற்றுப்பெறவில்லை.

பதங்களின் சொல் இங்ஙனம் அச்சேறிற்று. இராகமும் தாளமும் அவற்றின் தலைப்பிற் குறிக்கப்படுவன. கன மார்க்கத்தில் அவை எவ்வாறு ஒலித்தன என்பதைத் தாளில் எழுத இயலாது. வேங்கடசுப்பையர் குன்னத்துக் கோயில் முன்றிலில் பாடியதைக் கேட்டோர் இன்று எவரும் இலர்.