டிக்கெட்டில் ஒரு நிறுவனம், ஏறுவது வேறு விமானம்: மைல்கள் கிடைக்குமா?

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் சகோதரர்கள் பலரிடம் ஏதாவது ஒரு விமான நிறுவனத்தின் உறுப்பினர் எண் இருக்கிறது. "எத்தனையோ தடவை போய் வந்துவிட்டேன், கணக்கில் ஒன்றுமே ஏறவில்லை" என்று சொல்பவர்களும் நிறைய. உறுப்பினர் எண்ணைக் கொடுக்க மறந்தது சிலருக்குக் காரணம். எண்ணைச் சரியாகக் கொடுத்தும் மைல் ஏறாதவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் கோட்ஷேர் விமானம்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம் தோஹாவிலிருந்து சென்னை வந்து திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வழித் தூரம் சுமார் 2,000 மைல். முழு அளவு மைல் தரும் டிக்கெட் என்றால் நால்வருக்கும் சேர்த்து 16,000 மைல். கால் பங்கு மட்டும் தரும் டிக்கெட் என்றால் 4,000. மைலே தராத டிக்கெட் என்றால் பூஜ்யம். மூன்றிலும் இருக்கை ஒன்றுதான், சாப்பாடு ஒன்றுதான். வித்தியாசம் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் சில எழுத்துகளிலும் எண்களிலும் இருக்கிறது. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பணம் கட்டும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

கோட்ஷேர் என்றால் என்ன?

ஒரு நிறுவனம் இயக்கும் விமானத்தில், இன்னொரு நிறுவனம் தன்னுடைய விமான எண்ணைப் போட்டு டிக்கெட் விற்பதே கோட்ஷேர். எமிரேட்ஸ் இயக்கும் விமானத்தில் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் தன் எண்ணைப் போட்டு விற்கிறது. இண்டிகோ இயக்கும் சில விமானங்களில் கத்தார் ஏர்வேஸின் எண்ணும் இருக்கிறது. எண்ணைப் போட்டு விற்பவரை விற்பனை நிறுவனம் என்றும், விமானத்தை ஓட்டுபவரை இயக்கும் நிறுவனம் என்றும் இந்தக் கட்டுரையில் குறிப்பிடுவோம்.

இதை இன்டர்லைன் பயணத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்டர்லைனில் ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் இருந்தாலும், ஒவ்வொரு விமானத்துக்கும் அதை இயக்கும் நிறுவனத்தின் சொந்த எண்ணே இருக்கும். அங்கே மைல் கணக்கில் குழப்பம் குறைவு. கோட்ஷேரில்தான் எண் ஒருவருடையது, விமானம் வேறொருவருடையது.

பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள்

முதலாவது, யாருடைய எண். சில உறுப்பினர் திட்டங்கள் டிக்கெட்டில் உள்ள விமான எண்ணை வைத்து மைல் கணக்கிடுகின்றன. குவான்டாஸ் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். எமிரேட்ஸ் இயக்கும் ஒரே விமானத்தில் குவான்டாஸ் எண்ணில் டிக்கெட் எடுத்தவருக்கு ஒரு அட்டவணை, எமிரேட்ஸ் எண்ணில் எடுத்தவருக்கு வேறு அட்டவணை. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரும் இரண்டு குவான்டாஸ் உறுப்பினர்களுக்கு வெவ்வேறு புள்ளிகள் கிடைப்பது இதனால்தான்.

இரண்டாவது, யாருடைய விமானம். வேறு சில திட்டங்கள் இயக்கும் நிறுவனத்தைப் பார்த்தே மைல் தருகின்றன. இன்னும் சில, எண்ணும் விமானமும் இரண்டுமே தங்கள் கூட்டாளி நிறுவனங்களுடையதாக இருக்க வேண்டும் என்கின்றன. பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் கத்தார் ஏர்வேஸும் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருப்பவை. ஆகவே ஸ்ரீலங்கனின் ஃப்ளைஸ்மைல்ஸ் உறுப்பினர் ஒருவர் கத்தார் ஏர்வேஸின் சொந்த விமானத்தில் வந்தால் மைல் கோரலாம். அதே கத்தார் எண்ணில் இண்டிகோ இயக்கும் விமானத்தில் வந்தால்? இண்டிகோ அந்தக் கூட்டணியில் இல்லை. எண்ணை மட்டும் நம்பி மைல் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, எந்த எழுத்து. எகானமி வகுப்பு வெளிப்பார்வைக்கு ஒன்றுதான் என்றாலும் டிக்கெட்டில் ஒய், பி, எம், கே, க்யூ என்று பல எழுத்துகளில் பிரிந்து கிடக்கிறது. ஒய் என்பது பொதுவாக முழுக் கட்டணம். சலுகைக் கட்டண எழுத்துகளுக்கு 50 அல்லது 25 சதவீத மைல், சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. கோட்ஷேரில் இன்னொரு சிக்கலும் உண்டு. விற்பனை நிறுவனத்தின் எழுத்தும் இயக்கும் நிறுவனத்தின் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டிக்கெட்டில் ஒரு எழுத்து இருக்க, இயக்கும் நிறுவனத்தின் கணினியில் அது வேறு எழுத்தாக மாறியிருக்கலாம். எந்த எழுத்தை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பது உங்கள் திட்டத்தின் விதியைப் பொறுத்தது.

டிக்கெட் எண்ணும் பேசும்

இ-டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் காட்டும். எமிரேட்ஸ் 176, கத்தார் ஏர்வேஸ் 157, எதிஹாத் 607, சவுதியா 065, ஏர் இந்தியா 098, ஸ்ரீலங்கன் 603, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618.

சில திட்டங்களில் இதுவே கணக்கை மாற்றிவிடும். அமெரிக்காவின் டெல்டாவும் யுனைடெட்டும் 2015இலும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2016இலும் தூரக் கணக்கை விட்டுவிட்டு, கொடுத்த கட்டணத்துக்கு ஏற்ப மைல் தரும் முறைக்கு மாறின. ஆனால் கூட்டாளி நிறுவனம் வழங்கிய டிக்கெட்டுக்குத் தூரமும் வகுப்பு எழுத்தும் வைத்துக் கணக்கிடும் வழக்கம் தொடர்ந்தது. யுனைடெட் திட்டத்தில் 016 என்று தொடங்கும் டிக்கெட்டுக்கு ஒரு கணக்கு, மற்றவற்றுக்கு வேறு கணக்கு. மலிவான நெடுந்தூர டிக்கெட்டுக்குத் தூரக் கணக்கும், விலை கூடிய குறுந்தூர டிக்கெட்டுக்குக் கட்டணக் கணக்கும் பொதுவாக லாபம்.

எந்தத் திட்டத்தில் சேர்ப்பது?

ஒரு பயணத்தின் மைலை ஒரே ஒரு திட்டத்தில்தான் சேர்க்க முடியும். நான்கு நிறுவனங்களில் நான்கு எண்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எதிலும் இலவச டிக்கெட் அளவுக்குத் தேறாது. மைல்களுக்குக் காலாவதியும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர், எமிரேட்ஸின் ஸ்கைவர்ட்ஸ் இரண்டிலும் ஆயுள் பொதுவாக மூன்று ஆண்டுகள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வருபவருக்கு அது மிகக் குறுகிய காலம்.

ஆகவே கூட்டணியைப் பார்த்து ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்டார் அலையன்ஸில் இருக்கின்றன. கத்தார், ஸ்ரீலங்கன், மலேசியா ஏர்லைன்ஸ் ஆகியவை ஒன்வேர்ல்டில். சவுதியா 2012 முதல் ஸ்கைடீமில். எமிரேட்ஸும் எதிஹாத்தும் எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனித்தனியே கூட்டாளிகளை வைத்திருக்கின்றன. ஃப்ளைதுபாய்க்குத் தனித் திட்டம் இல்லை. அதற்கும் ஸ்கைவர்ட்ஸ்தான்.

குடும்பத்தின் மைல்களை ஒரே இடத்தில் சேர்க்கும் குடும்பக் கணக்கு வசதி சில திட்டங்களில் உண்டு. தனித்தனியே கிடந்து காலாவதியாவதைவிட அது மேல். பிள்ளைகளுக்கு இருக்கை எடுத்திருந்தால் அவர்களுக்கும் கணக்குத் தொடங்கிவிடுங்கள். இருக்கை இல்லாமல் மடியில் வரும் கைக்குழந்தைக்கு வழக்கமாக மைல் கிடையாது.

உம்ரா குழு டிக்கெட்டுகள்

உம்ரா குழுவில் செல்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ட்ராவல்ஸ் நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் குழுக் கட்டண டிக்கெட்டுகளுக்குப் பெரும்பாலான திட்டங்கள் மைல் தருவதில்லை. ஹஜ் காலத்தில் ஓடும் சிறப்பு வாடகை விமானங்களும் அப்படியே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. குறைந்த கட்டணத்துக்கான நிபந்தனை அது. எனினும் தனி டிக்கெட் எடுத்துச் செல்வதா, குழுவோடு செல்வதா என்று ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மைல் கிடைக்கும் என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், டிக்கெட்டின் வகுப்பு எழுத்தைக் கேட்டு வாங்கி, திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

பெயரில் வரும் சிக்கல்

நம்மவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக இருக்கும். அல்லது தலைப்பெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயர் சேர்ந்திருக்கும். மைல் கணக்கைத் தொடங்கும்போது வழக்கமாக அழைக்கும் பெயரைக் கொடுத்துவிடுகிறோம். டிக்கெட்டிலோ பாஸ்போர்ட் பெயர். இரண்டு பெயரும் பொருந்தாவிட்டால் கணினி மைலை ஏற்காது. அதுவும் கோட்ஷேரில் தகவல் இரண்டு நிறுவனங்களைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் இடையில் யாரும் திருத்தித் தர மாட்டார்கள். கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே தொடங்குங்கள். ஏற்கெனவே தவறாக இருந்தால் பயணத்துக்கு முன்பே ஆவணம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மைல் ஏறவில்லையென்றால்

சொந்த விமானத்தில் சில நாட்களில் ஏறும் மைல், கூட்டாளி விமானத்தில் ஏற வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குப் பிறகும் வராவிட்டால் விடுபட்ட மைலுக்கான விண்ணப்பத்தைத் திட்டத்தின் தளத்திலேயே நிரப்பலாம். டிக்கெட்டின் 13 இலக்க எண்ணும் போர்டிங் பாஸும் கேட்பார்கள். போர்டிங் பாஸை விமான நிலையத்திலேயே கசக்கிப் போடாமல் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். பல திட்டங்களில் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், சிலவற்றில் ஓராண்டு வரை அவகாசம் உண்டு.

விமானம் ரத்தாகி, நிறுவனமே உங்களை வேறு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றிவிட்டால், முதலில் எடுத்த டிக்கெட்டின்படி மைல் தரக் கோரலாம். அதற்குப் பழைய டிக்கெட்டின் நகல் கையில் இருக்க வேண்டும்.

கம்பெனி கொடுத்த டிக்கெட் என்றால்

டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது யாராக இருந்தாலும், மைல் பயணம் செய்தவரின் கணக்கில்தான் ஏறும். ஆனால் சில நிறுவனங்கள் அலுவலகப் பயணத்தில் கிடைக்கும் மைலை அலுவலகப் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துவிடுவது அமானிதத்துக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது. மைல்களைக் காசுக்கு விற்பதைத் திட்டங்களின் விதிகள் தடுக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. மைலுக்காக விலை கூடிய டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. ஒரே விலையில் இரண்டு டிக்கெட் இருந்தால் மட்டும், எண் யாருடையது, விமானம் யாருடையது, எழுத்து எது என்று மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பதில் கிடைக்கும், மைல் கிடைக்காது.